இடுப்புக்குப் பின்னால் ஒரு கை

கையை எடு என்றாள் டீச்சர். எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்றால் தொங்கப் போட்டுவிடவில்லை, அவள் இடுப்புக்குப் பின்னால், சேலையில் படாமல், காற்றில் வைத்திருக்கிறேன். என் பிசியோதெரபி தொழிலில் கையை எடுப்பது என்றால் அவ்வளவுதான், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், இருப்பது அவர்களுக்குத் தெரியவும் கூடாது. மனதுக்குள் எனக்கு எல்லா நோயாளிகளும் அவன் அவள்தான், மரியாதை எல்லாம் வாயோடு சரி. இவள் பிலோமினா டீச்சர், ரிட்டையரான தலைமையாசிரியை, பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து கிடந்தவள். நைட்டியில் பார்த்துப் பழகின உடம்பு இன்றைக்குக் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் விறைப்பாக என் முன்னால் போகிறது. வீட்டு வாசலிலிருந்து காரிடார் முனையில் இருக்கும் லிஃப்ட் வரை போய்த் திரும்பி வர வேண்டும், இன்றைய வேலை அதுதான், கடைசி வேலையும் அதுதான். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே டீச்சருடைய மகள் ஜெனிட்டா கதவைப் பிடித்தபடி சொன்னாள், “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இன்னையோட போதும்னு அம்மா சொல்றாங்க.” “அதுக்கென்னம்மா, நல்லதுதானே,” என்று சொன்னேன். எத்தனை வீட்டு வாசலில் சொன்ன வார்த்தை, யோசிக்காமலே வந்துவிடுகிறது. நல்லதுதான். யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொன்னதில்லை. வலது கால் கொஞ்சம் இழுக்கிறது, பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது, சர்ரென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்கும் சத்தம். தூக்குங்க டீச்சர், முட்டியை மடக்கித் தூக்குங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் திரும்பிப் பார்த்து முறைப்பாள்.

கையை எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இடுப்பில் கட்டின பட்டையை முஷ்டி முழுக்கப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர்களுடைய எடை முழுக்க நம் தோளில் இறங்கும். பிறகு இரண்டு விரல். பிறகு வெறும் உள்ளங்கை. பிறகு துணியில் பட்டும் படாமலும். கடைசியில் காற்று. இதில் பொல்லாதது அந்தப் பட்டும் படாமலும் இருக்கிற கட்டம்தான். ஒரு காகிதத்தின் பாரம்கூட நம் கையில் விழாது, ஆனால் உடம்பு அந்தத் தொடுதலின் மேல் சாய்ந்துகொள்ளும். கையை எடுத்தால் முட்டி நடுங்கும், வேர்க்கும், உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் அதிக நாள் வைக்கக் கூடாது, படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் வைத்தேன். ஐப்பசி மழை விடுவதற்குள் எடுத்திருக்க வேண்டிய கை, கிறிஸ்துமஸ் போய், பொங்கல் போய், இவர்களுக்குத் தவக்காலமும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள், பேலன்ஸ் வரட்டும், அவசரப்படக் கூடாது என்று ஜெனிட்டாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் போலப் பட ஆரம்பித்திருந்தது. மங்கை வந்தால்தான் நடப்பேன் என்று டீச்சர் அடம்பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், “அக்கா, லீவுன்னு தெரியும், உங்க கை இல்லாம கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கிறாங்க.” சலித்துக்கொள்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுப்பேன். சாஸ்திரி ரோடு முழுக்க எனக்குச் சிரிப்பாக வரும், ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள். போன வாரம் ஜெனிட்டா குளித்துவிட்டு வந்து பார்த்தால் டீச்சர் அடுப்படியில் நின்று பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். யார் கையும் இல்லாமல். பாத்திர ஸ்டாண்டைக்கூடப் பிடிக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கியது, நானும் கலங்கினேன், அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். டீச்சர் என்னிடம் தலையைச் சாய்த்து, “காப்பி நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள். மாட்டிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை.

இவளுக்கு முதலில் பேச்சும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டு, வலிக்கிறதென்றாலும் தட்டு, மகளைக் கூப்பிடவும் தட்டு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான், மற்ற வார்த்தை எல்லாம் எங்கேயோ அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தையே ஒரு பிரம்பால் அடக்கி வைத்திருந்தவளாம். தட்டு தட்டு என்று சொல்லிவிட்டு, சொன்னது அது இல்லை என்று தெரிந்து, வாய் கோணி அழுவாள். எச்சிலைத் துடைத்துவிடுவேன். குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஒரு நாள் காலை நான் வாசலில் நுழையும்போது கட்டிலிலிருந்து “மங்கை” என்றாள். சுத்தமாக. முழுசாக. என் பெயர் மங்கையர்க்கரசி, வீட்டில் ஒருவரும் கூப்பிடாத பெயர், வீட்டில் நான் அம்மா, அல்லது இந்தா. ஜெனிட்டா அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அவள் பெயர் வர அதற்கப்புறம் எத்தனையோ நாளானது. அன்றைக்கு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாளே, ரொம்ப நேரம் தண்ணீர் சத்தம் கேட்டதே, எனக்குத் தெரியாதா. தெரியும், பரிதாபமாகவும் இருந்தது, அதற்கடியில் வேறொன்றும் இருந்தது, பரிசு வாங்கின பிள்ளைக்கு இருக்குமே அது. இப்போது டீச்சருக்கு எல்லா வார்த்தையும் வந்துவிட்டது, மங்கைதான் போய்விட்டாள். ஏம்மா என்கிறாள். நேற்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், “எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க ஒரு பொண்ணு வருது.” ஐம்பதைத் தொடப்போகிற பொண்ணு. தோளுக்கு மேல் கை தூக்க முடியாத பொண்ணு. ஆள் ஆளாகத் தூக்கி உட்காரவைத்து என் வலது தோள் இறுகிப்போய், தலை பின்ன முடியாமல் கிளிப் மாட்டிக்கொண்டு வருகிறேன், அதை இவள் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா. ஏன் கேட்க வேண்டும். நானும் வழியில் போகிற மெக்கானிக்கிடம் உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

மாதாதான் நடக்கவைத்தாள் என்கிறாள் டீச்சர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாம். காலை வந்ததும் ஜெனிட்டா சின்ன டப்பாவைத் திறந்து காட்டினாள், ரோஸ் நிறக் காகிதத்தில் வெள்ளியில் ஒரு கால், விரல் நகமெல்லாம் கீறியிருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் போய்க் காணிக்கை போட்டுவிட்டு வரப்போகிறார்கள். அழகா இருக்கும்மா என்றேன். அது இடது கால். கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரியும், எனக்குத் தெரியாமல் போகுமா, விழுந்தது வலது கால், கடைக்காரன் எடுத்துக்கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார்கள். சொல்லவில்லை. டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுத்தேன். மாதாவுக்குத் தெரியாதா எந்தக் கால் என்று. மாதாவோடு எனக்குச் சண்டை இல்லை, யார் வீட்டிலும் இப்படித்தான், சமயபுரம் போவார்கள், வயலூர் போவார்கள், மொட்டை போடுவார்கள், நடந்த காலுக்கு நடத்தினவளைத் தவிர எல்லோருக்கும் நன்றி போகும். என்னைக் கூப்பிட்டுப் பழத்தட்டு கொடுப்பார்கள், அதுவும் வாசலோடு. அப்புறம் தெருவில் பார்த்தால் பார்க்காத மாதிரி போவார்கள். எனக்கு ஆட்களை முகத்தை வைத்துத் தெரியாது, நடையை வைத்துத்தான் தெரியும். காந்தி மார்க்கெட் கூட்டத்தில் முன்னால் போகிற ஒருவன் இடது குதிகாலைப் பதிக்காமல் போனால், அட இது உறையூர் பாத்திரக் கடைக்காரர் அல்லவா என்று கிட்டே போவேன். அவர் என்னைப் பார்த்ததும் வெங்காயம் பொறுக்கத் தொடங்கிவிடுவார், தலை நிமிராது. கோபமில்லை அவருக்கு. படுக்கையை நனைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததை நான் பார்த்தவள், துடைத்தவள், அவ்வளவுதான் என் குற்றம். குணமானவர்களுக்கு என்னைப் பார்க்கப் பிடிப்பதில்லை. நானும் வெங்காயம் வாங்காமலே வந்துவிடுவேன், வரும்போதும் கண் அந்தக் குதிகாலைத்தான் பார்க்கும்.

லிஃப்ட் வந்துவிட்டது. அதாவது லிஃப்ட் கதவு வரை வந்துவிட்டோம். டீச்சருக்கு மூச்சு வாங்குகிறது, இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கிராதி வழியாக வெயில் என் முதுகில் விழுகிறது. “ஏம்மா, உன் நிழல் எனக்கு முன்னாடி விழுது. தள்ளி வா.” தள்ளினேன். “மூச்சு விடுற சத்தம் பிடரியில கேக்குது. இன்னும் தள்ளு.” இன்னும் தள்ளினேன். கை இப்போது எட்டுகிற தூரம்தான், ஆனால் நீட்டினால்தான் எட்டும். போன ஆடியில் ஒரு ஹோட்டல் ஹாலில் எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், பிசியோ, நர்ஸ், கவுன்சலிங் பண்ணுகிறவர்கள் எல்லோரையும், பிறரைக் குணப்படுத்துகிறவர்கள் தங்களை வளர்த்துக்கொள்வது எப்படி என்று. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர், பெங்களூரிலிருந்து வந்தவர், கண்ணை மூடச் சொன்னார். விட்டுவிடுங்கள் என்றார். எதை விட முடியவில்லையோ அதை எழுதி இந்த பலூனில் கட்டிப் பறக்கவிடுங்கள் என்றார். எல்லோரும் எழுதினார்கள், ஒரு நர்ஸ் அழுதுகொண்டே எழுதினாள். நான் யோசித்து யோசித்துக் கடைசியில் தோள் வலி என்று எழுதினேன். பலூன்கள் மேலே போய் ஹால் சீலிங்கில் முட்டிக்கொண்டு நின்றன. ஜன்னலைத் திறக்க ஹோட்டல்காரர்கள் சம்மதிக்கவில்லை, ஏசி போட்டிருக்கிறதாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், எங்கள் துக்கமெல்லாம் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் சிரித்தேன், அந்த ஜிப்பாக்காரருக்குக் கோபம். விட்டுவிடுவது பற்றி இவருக்கு என்ன தெரியும், ஒருத்தர் இடுப்பிலிருந்து கையை எடுத்துப் பார்த்திருக்கிறாரா, எடுத்த கை எங்கே போகும் என்று சொல்வாரா. வீட்டுக்குப் போகும். அங்கே என் வீட்டுக்காரருக்கு டிவி இருக்கிறது, மகனுக்கு ஓசூரில் வேலை இருக்கிறது, எல்லோருக்கும் கால் நன்றாக இருக்கிறது. யாருக்கும் என் கை வேண்டியதில்லை. நீ நோயாளிகளைத்தானே கட்டிக்கிட்டே என்று அவர் ஒரு தடவை சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்த வீடும் இல்லாமல்போனால் நாளைக் காலையில் எழுந்து எங்கே போவேன். வேறு வீடு வரும். வருமா. இப்போதெல்லாம் மெஷின் வைத்த சென்டருக்கு வேன் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சின்னப் பெண்கள், தலை பின்ன முடிகிற பெண்கள்.

திரும்புகிறாள். திரும்புவதுதான் கஷ்டம், நேரே போவதைவிட. நல்ல கால் பக்கமாகத் திரும்ப வேண்டும், சின்னச் சின்ன எட்டாக, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து. நான் சொல்லவில்லை. அவளே இடது பக்கமாகத் திரும்பினாள், சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எட்டுகூட மாற்றாமல். நல்ல மாணவி. நான் சொன்னதை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டாள், என்னை மட்டும் வைத்துவிட்டாள். திரும்பிய முகம் என்னைத் தாண்டி வாசலைப் பார்க்கிறது, அங்கே ஜெனிட்டா இரண்டு கையையும் கோத்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி பின்னால் வந்தேன், தள்ளியே வந்தேன். அப்போதுதான் நடுவிலிருக்கும் வக்கீல் வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டம்மா கால்மிதியை எடுத்துக் கிராதியில் படார் படாரென்று அடித்து உதறிவிட்டு, டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்பு, “நடக்கிறீங்களா டீச்சர், நல்லது நல்லது,” கால்மிதியை வெளியே விட்டெறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தேங்காய் நார்க் கால்மிதி. சுவரோரம் விழவில்லை. கோணலாக, டீச்சர் வருகிற வழியில், ஒரு முனை சுருண்டு தூக்கிக்கொண்டு கிடக்கிறது.

பார்த்துவிட்டேன். டீச்சர் பார்க்கவில்லை. தரையைப் பார்க்காதீங்க டீச்சர், பார்த்தா உடம்பு முன்னாடி சாயும், நேரே பாருங்க என்று மாசக்கணக்காகத் தலையில் ஏற்றினவள் நான், அவள் தாடையை உயர்த்திக்கொண்டு நேரே மகளைப் பார்த்து நடக்கிறாள். மற்ற நாளாக இருந்தால் ஒரு எட்டு முன்னால் போய்க் காலால் அதை ஒதுக்கியிருப்பேன், ஒதுக்கினதே அவளுக்குத் தெரிந்திருக்காது. தள்ளி வா என்று சொன்னது அவள்தானே. சரி, வாயால் சொல்லலாமே. டீச்சர், கால்மிதி. இரண்டே வார்த்தை. சொல்லு மங்கை. சொல்கிறேன். இதோ சொல்கிறேன். வலது பெருவிரல் சர்ரென்று தேய்த்துக்கொண்டு போகிறது, அந்த விரல் நேரே அந்தச் சுருளுக்குள்தான் போய் நுழையும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விழுந்தால் இடுப்பு எலும்பு. இந்த வயசில் இடுப்பு எலும்பு என்றால் பெரிய கதை, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அதற்கப்புறம் திரும்ப முதலிலிருந்து, முஷ்டி, இரண்டு விரல், உள்ளங்கை. கட்டிலில் கிடந்து என் பெயரைச் சொல்வாள். சீ, என்ன நினைப்பு இது. நினைப்புத்தானே, நினைப்புக்கு என்ன. பிடித்துக்கொள்வேன், விழ விடமாட்டேன், சாய்ந்ததும் பிடித்துவிடுவேன், நான் பிடித்தால்தான் நின்றாள் என்று ஜெனிட்டா பார்க்க வேண்டும், இவளும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு போதும். ஆமாம், அவ்வளவுதான். அதற்கு எதற்கு வாய் உலர்கிறது. பஸ்ஸில் முன்னப் பின்னத் தெரியாதவர்கள் தடுமாறினால்கூட நான் நினைக்கும் முன்பே என் கை போய்விடும், கையில் பை இருந்தால் பையோடு போகும். இன்றைக்கும் போகும். சொல்லிவிடு. இன்னும் நேரம் இருக்கிறது. வலது கால் எழுந்தது, முட்டி பாதிதான் மடங்கியது, விரல் போய்ச் சுருளில் மாட்டியது.

டீச்சர் என் பக்கம்தான் சாய்ந்தாள். வலது பக்கம், சரியாக என் கை இருக்கிற பக்கம். கை காற்றில் இருந்தது. விரல்கள் விரிந்தபடியே இருந்தன. போகவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. “அம்மா,” என்று ஜெனிட்டா ஓடிவருவது கேட்டது. டீச்சர் இடது கையைச் சுவரில் அறைந்து ஊன்றினாள், வலது முட்டி மடங்கி நடுங்கியது, இன்னும் மடங்கியது, நின்றது. மெதுவாக நிமிர்ந்தது. பாதத்தைப் பின்னால் இழுத்து, முட்டியை நன்றாக மடக்கித் தூக்கி, கால்மிதியைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள். சுவரிலிருந்த கையை உயர்த்தி மகளை அங்கேயே நிற்கச் சொன்னாள். பிறகு திரும்பாமல், “மங்கை,” என்றாள்.

“டீச்சர்.”

“கால்மிதி கெடக்குறது தெரிஞ்சுதா உனக்கு?”

பொய் வரவில்லை. “தெரிஞ்சுது டீச்சர்.”

“சொல்லல.”

“இல்ல.”

“நான் சாயறப்ப பிடிக்கவும் இல்ல.”

“இல்ல டீச்சர்.”

அவள் தோள்கள் குலுங்கின, அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். “இப்பதான்டி நீ என்னை நம்பியிருக்கே. இத்தனை நாளா புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்ற புள்ள மாதிரி பின்னாடியே வந்தே. எனக்குத் தெரியாம இல்ல. கையை வெச்சே என்னை உக்கார வெச்சுருவியோன்னு பயந்துட்டேன், அதான் போதும்னு சொல்லச் சொன்னேன்.” ஜெனிட்டாவைப் பார்த்து, “பாத்துக்க, வேணும்னேதான் விட்டா. தெரிஞ்சே விட்டா. பெத்த புள்ள நீ, உன்னால முடியுமா? அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்,” என்றாள். ஜெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டீச்சர் வாயில் என் பெயர் முதலில் வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை, பகையில்லாமல்.

என் கை இன்னும் காற்றில்தான் இருந்தது, இறக்கிக்கொண்டேன், தோள் வலித்தது. டீச்சர் என் முன்னால் வந்து நின்றாள். வலது கையை எடுத்தாள், நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிரித்துப் பழக்கின கை, ஆடிக்கொண்டே மேலே வந்தது, தோள் வரைக்கும், அதற்கும் மேலே. அவள் உயரத்துக்கு நான் குனிய வேண்டியிருந்தது, குனிந்தேன். கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள், இந்த வீட்டில் பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போது போடுகிற சிலுவை. விரல் நடுங்கினதில் கோடு நேராக விழவில்லை, இன்னொரு தடவை போட்டாள். நீங்க விழணும்னு நெனச்சேன் டீச்சர் என்று சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை, இந்த ஒன்றையாவது இவளிடம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“வலது கால்ல இன்னும் கொஞ்சம் முட்டியை மடக்குங்க டீச்சர்,” என்றேன்.